பேர் சொல்லாதவள்

காய்ச்சலில் கிடக்கிற பெண்ணிடம் புருஷன் பேரைக் கேட்காதீர்கள். கேட்டு, அவள் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தால், வெட்கம் என்று சிரித்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரி யார் என்று கேளுங்கள். நேற்று என்ன குழம்பு வைத்தாள் என்று கேளுங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் இதோடு ஒட்டிக்கொண்டு வருகிற பாரம்.

என் பேர் வெள்ளைச்சாமி. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரை நம்பிக் கொஞ்சம் நெல் போடுகிற சம்சாரி. என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம். தாலி கட்டிய நாளிலிருந்து என் பேரை அவள் வாயால் நான் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். மற்ற பெண்கள் பேரோடு விட்டார்கள். இவள் 'வெள்ளை' என்கிற சொல்லையே விட்டுவிட்டாள். வெள்ளைப்பூண்டு வெறும் பூண்டு, வெள்ளாடு வெறும் ஆடு, என் வெள்ளை வேட்டி 'பால் கலர் வேட்டி'. ஒருமுறை ரேஷன் கடையில் கார்டு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டதற்கு, சுவரில் அடித்திருந்த சுண்ணாம்பைத் தொட்டுக் காட்டி, அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினாளாம். கடைக்காரர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஊரே சிரித்தது.

என்னைக் கூப்பிட 'இந்தாங்க'. என்னைப் பற்றி அடுத்தவர்களிடம் பேச 'அவுக'. 'அவுக வயலுக்குப் போயிருக்காக', 'அவுக வரட்டும், கேட்டுச் சொல்றேன்.' எங்கள் ஊரில் யாரைப் பற்றிப் பேசினாலும் மரியாதைக்கு 'அவுக'தான். ஆனால் பஞ்சவர்ணம் பேர் எதுவும் முன்னால் வைக்காமல் 'அவுக' என்று தொடங்கினால் அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் பேரைத்தான் சொல்ல மாட்டாளே தவிர, ஊர்ப்பட்ட பேரெல்லாம் அவளிடம் இருந்தது. எனக்கு முகமும் நிற்காது, பேரும் நிற்காது. கல்யாண வீட்டில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு 'என்ன மாப்ள, சௌக்கியமா?' என்று கேட்பார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வரும்: "திருவாடானை பெரியம்மா மருமகன். போன வருசம் கால் முறிஞ்சு கிடந்தாக. அதக் கேளுங்க." நான் உடனே 'கால் இப்ப எப்படியிருக்கு மாப்ள?' என்பேன். அவர் உருகிப்போவார். கண்மாய்க்கரையில் புள்ளியாக ஒரு ஆள் வந்தாலே நடையை வைத்து யாரென்று சொல்லிவிடுவாள். 'உன்னைய வச்சுக்கிட்டுத்தான்டி நான் மனுசனா நடமாடுறேன்' என்று கேலியாகச் சொல்வேன். கேலி இல்லை, உண்மை.

மார்கழியில் காய்ச்சல் வந்தது. களையெடுத்துவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. 'ஏதோ கருகுற வாடை அடிக்குது' என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பே எரியவில்லை. என் அக்கா காளியம்மாள் பார்க்க வந்தபோது, 'வாங்க, உக்காருங்க' என்றாள். அக்காவை அவள் 'மதினி' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். அன்றைக்கு 'மதினி' என்கிற சொல் வாயில் வரவில்லை. காய்ச்சல் அசதி என்று நினைத்தோம்.

மறுநாள் பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயசு டாக்டர், தங்கமான பிள்ளை. காய்ச்சலில் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் இப்படிக் கேட்பது வழக்கமாம். என்னைக் காட்டி, "இவரு யாரும்மா?" என்றார். பஞ்சவர்ணம் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு சொல்லுங்கம்மா."

முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் பொங்கிச் சிரித்தாள். "நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது சார். எங்க பக்கத்துப் பொம்பளைக உசுரே போனாலும் சொல்ல மாட்டாக." டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த நாள் காலையில் வலிப்பு வந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி, கட்டிலோடு சேர்ந்து அவள் அதிர்ந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. ஆம்புலன்ஸில் மதுரை கொண்டுபோனோம். ராமநாதபுரத்தில் டீச்சர் வேலை பார்க்கிற மகள் செல்வி, பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறி வந்து சேர்ந்தாள். கையில் சாக்பீஸ் தூள்கூடக் கழுவவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கிற நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருமே, அதை உண்டாக்குகிற கிருமிதானாம். லட்சத்தில் யாருக்கோ மூளைக்கு ஏறிவிடுகிறதாம். ஏறினால் அது போய் உட்காருகிற இடம் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே. பழகிய முகங்களும் பேர்களும் அங்கேதான் இருக்கின்றனவாம். கருகுற வாடைகூட இந்த நோயின் அறிகுறிதான். அதற்கு நான் அடுப்படியில் தேடியிருக்கிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு கூடம். எங்களைப் போல் பத்துப் பதினைந்து குடும்பங்கள் பாயும் பையுமாகக் கிடந்தோம். கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் எல்லோரும் எழுந்து நிற்போம். உள்ளே இருப்பவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பயம், கூப்பிடாவிட்டால் அதைவிடப் பயம். பெரியபட்டினத்துக்காரர் ஒருவர், தம்பி படகில் விழுந்து மண்டையில் அடிபட்டதென்று வந்திருந்தார். அவர் வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் தனியாக வந்துவிடும். 'வேணாம் பாய்' என்றால், "நீங்க படுத்துட்டா அவகளுக்கு யாரு? குடிங்கண்ணே. தம்பிக்குத் துஆ கேக்கையில உங்க வீட்டம்மாவுக்கும் சேத்துத்தான் கேக்குறேன்" என்பார். பணம் எப்படிப் புரண்டது என்பதை எழுதப் போவதில்லை. காப்பீட்டு அட்டை பாதியைத் தாங்கியது. மீதியை ஆடுகளும் அக்கா கழுத்துச் சங்கிலியும் தாங்கின. சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தபோது அக்கா, 'கழுத்து நமச்சலா இருக்கு, கொஞ்ச நாளைக்குப் போடலடா' என்றாள். அவள் நமச்சல் எனக்குத் தெரியாதா?

வலிப்பு அடங்கி, அவள் கண் விழித்த பிறகு என்னை உள்ளே விட்டார்கள். முகமூடி, தொப்பி, பச்சை அங்கி என்று என்னை முழுக்கப் பொதிந்துதான் விட்டார்கள். கட்டிலருகே நின்றேன். பார்த்தாள். கண்ணில் எந்த அசைவும் இல்லை. முகமூடிதான் காரணம் என்று நினைத்து, நர்ஸிடம் கெஞ்சி ஒரு நிமிஷம் கழற்ற அனுமதி வாங்கினேன். மீசை தெரிய நின்று, "ஏளா, நான்தான்" என்றேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்தாள். ஊசி குத்திய கையை மெல்லத் தூக்கிக் கும்பிட்டாள். "வாங்க" என்றாள்.

அந்த 'வாங்க'வை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். வெளியே வந்து கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்து, அத்தனை பேருக்கு நடுவே சத்தம் போட்டு அழுதேன். செல்வி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பெரியபட்டினத்துக்காரர் யாரும் வேடிக்கை பார்க்காதபடி எங்கள் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

அங்கே எங்களுக்கு வாய்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"ஐயா, ஒரு ஆளைப் பாக்குறப்ப நம்ம மூளை மூணு வேலை செய்யுது. மொதல்ல, 'இது பாத்த முகம்'. அடுத்தது, 'இவர் யாரு, நமக்கு என்ன வேணும்'. கடைசியாத்தான் பேரு. நமக்கே பாருங்க, பஸ்ல ஒருத்தரப் பாத்தா பேங்க்ல இருக்கவருன்னு தெரியும், பேரு மட்டும் வராது. கடைசிப் படி எல்லாருக்குமே வழுக்கும். இவங்களுக்கு நடுப்படியே போயிருச்சு. உங்க முகம் எங்கயோ பாத்த மாதிரி இருக்கலாம். யாருன்னு தெரியல."

"அப்ப கிளினிக்ல வெக்கப்பட்டாளே டாக்டர்?"

"பேரைக் கேட்டா தலையக் குனியணும்ங்கிறது வருசக்கணக்கான பழக்கம். அது மட்டும் மிச்சம் இருந்திருக்கு. ஆள் தெரியாமலே குனிஞ்சிருப்பாங்க."

"அன்னைக்கே இங்க வந்திருந்தா?"

"மருந்து சீக்கிரம் ஏறியிருந்தா சேதம் கொறஞ்சிருக்கலாம். உறுதியா யாரும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கப் போட்டுக்கிட்டே இருக்காதீங்கய்யா."

போடாமல் இருக்க முடியுமா? அந்தச் சிரிப்பை, அந்த முந்தானையைத் தினமும் நினைக்கிறேன். யாரோ ஒரு அந்நியன் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்கிற பயம் அந்தச் சிரிப்புக்குள் இருந்திருக்கும். நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். வார்டுக்கு மாற்றினார்கள். பேச்சு வந்தது, நடை வந்தது, பசி வந்தது. ஆள் மட்டும் வரவில்லை. செல்வியை 'டீச்சர்' என்றாள். என் அக்காவை 'நர்ஸம்மா' என்றாள். நான் சோறு ஊட்டினால் வாயைத் திறக்கக் கூசுவாள். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் பசி, மீதியை நானே குடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையை நீட்டி என் மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுத்துப் போட்டாள். வீட்டில் எப்போதும் செய்கிற வேலை. "ஏளா, தெரியுதா?" என்றேன். உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு மிரண்டுபோய்ப் பார்த்தாள். கேட்டிருக்கக் கூடாது. சும்மா இருந்திருந்தால் இன்னொரு பருக்கையையாவது எடுத்திருப்பாள்.

தை கழிந்து வீட்டுக்கு வந்தோம். எங்கள் வயலை ஊர்க்காரர்களே அறுத்துக் கட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்களையெல்லாம் அவள் 'வாங்க, உக்காருங்க' என்றாள். இப்போது அவள் பின்னால் நின்று நான் மெல்லச் சொல்ல வேண்டியிருந்தது: "கீழ வீட்டு ராக்காயி. உன்னோட களையெடுக்க வருமே." அவள் தலையாட்டிவிட்டு, "களையெடுப்பு எப்படி இருக்கு தாயி?" என்பாள். வந்தவர்கள் தேறிவிட்டாள் என்று சந்தோஷமாகப் போவார்கள். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் நான் சொல்கிறதிலும் பாதி தப்பாகப் போகும். என் ஞாபகத்தின் லட்சணம்தான் தெரியுமே.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர்கள், குடும்பத்துப் படங்களைக் காட்டிப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். லீவு போட்டு எங்களோடு தங்கியிருந்த செல்வி, தன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்கிற மாதிரி கெட்டி அட்டையில் படங்களை ஒட்டினாள். தன் படம், அத்தை படம், என் படம். என் படத்துக்கு முதலில் 'அய்யா' என்று சொல்லிக் கொடுத்தாள். வினை அங்கே வந்தது. பஞ்சவர்ணம் என்னைப் பார்த்துத் தன்னைப் பெற்றவரைக் கூப்பிடுகிற மாதிரி 'அய்யா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். 'உன் வீட்டுக்காரர்' என்று சொல்லிப் பார்த்தோம். தலையாட்டுவாள். ஒரு மணி நேரத்தில் அது கரைந்துபோகும். ஒட்டிக்கொள்வது பேர்தான் என்று தெரிந்தது. செல்வி பேர் ஒட்டிக்கொண்டது, காளியம்மாள் ஒட்டிக்கொண்டது.

"அப்ப என் பேரையே சொல்லிக் குடு" என்றேன்.

செல்வி தயங்கினாள். அக்கா கொதித்துவிட்டாள். "ஏலே, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இத்தன காலம் ஒன் ஆயுசுக்காகச் சொல்லாம இருந்தவ வாயாலயே சொல்ல வைக்கப் போறியா?"

"ஆயுசு குறைஞ்சா குறையட்டும்க்கா. இருக்குற காலத்துல அவளுக்கு என்னையத் தெரிஞ்சாப் போதும்."

என் கணக்கு வேறு. மூன்று படியில் பேர்தான் கடைசி என்று டாக்டரம்மா சொன்னாரே. திருவாடானையிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்த பஸ், சிவகங்கையைத் தாண்டாமலா வந்திருக்கும்? பேர் வந்துவிட்டால் நடுப்படியையும் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும். பேர் வரட்டும், பின்னாலேயே நான் வந்துவிடுவேன் என்று நம்பினேன்.

தினம் காலையில் பாடம் நடக்கும். நான் அந்த நேரம் வயலுக்குப் போய்விடுவேன். என் பேரை என் வீட்டில் பாடமாக ஒப்பிப்பதைக் கேட்க எனக்கே கூச்சம். அறுவடை முடிந்த வயலில் எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பங்குனி வெயில் ஏறிய ஒரு மத்தியானம். வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் வரப்பிலிருந்து ஏறி வருவதைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அந்த மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. என் கால் அப்படியே நின்றுவிட்டது.

"வெள்ளைச்சாமி அண்ணே! வாங்க, வாங்க. இந்த வெயில்லயா வாறீக?"

உள்ளேயிருந்து செல்வி ஓடி வந்தாள். "அய்யா, சொல்லிருச்சு! அம்மா உங்க பேரச் சொல்லிருச்சு! கேட்டீகளா?" கையைத் தட்டிக் குதிக்கிறாள். அக்கா வாசல்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த 'அண்ணே' காதில் விழுந்திருந்தது.

பஞ்சவர்ணம் தலையைக் குனியவில்லை. முந்தானை வாய்க்குப் போகவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்து, கணீரென்று, ஊர்க்காரன் ஒருவனைக் கூப்பிடுகிற மாதிரி என் பேரைச் சொன்னாள். என் பஞ்சவர்ணமாக இருந்தால் உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டாள். எத்தனையோ நாள் காத்திருந்து கேட்ட சொல், கேட்ட மாத்திரத்தில் என்னைக் கொன்றுபோட்டது.

செல்வி போன் போட்டு டாக்டரம்மாவிடம் சொன்னாள். நல்ல முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டாராம். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "ஐயா, படத்தையும் பேரையும் சேத்து மனப்பாடம் பண்ணியிருக்காங்க. பேரு இந்தத் தடவ வேற வழியா வந்திருக்கு. அதனால ஆள் தெரிஞ்சிருச்சுன்னு இப்பவே நெனச்சிராதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார். எனக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்குள் ஒன்று நடந்திருந்தது.

செல்வி போனை எடுக்க உள்ளே போன நேரம், நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு வட்டிலில் சோறு போட்டு மேலே தட்டைக் கவிழ்த்து மூடியிருந்தது. மத்தியானச் சாப்பாடு எனக்கு எப்போதும் அங்கேதான் இருக்கும். பசியில் பழக்கமாகக் கையை நீட்டினேன்.

"அண்ணே, அது அவுகளுக்கு எடுத்து வச்சது" என்றாள், தயவாக. "உங்களுக்கு வேற போட்டுத் தாரேன். அவுக இன்னும் வரல. வயலுக்குப் போயிருக்காக."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"உக்காருங்கண்ணே. வந்துருவாக."

உட்கார்ந்தேன். அவள் வரப்பைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. ஈ மொய்க்காமல் அந்தத் தட்டின் மேல் துண்டை விசிறிக்கொண்டே இருந்தாள்.

இப்போதெல்லாம் மத்தியானம் வீட்டுக்கு வந்தால் நாங்கள் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வரப்பைப் பார்க்கிறோம். அவள் தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் சொல்வாள். அவுகளுக்கு யார் பேரும் நிற்காதாம், பக்கத்தில் ஆள் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். 'அவுக பேரு என்ன தாயி?' என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். பஞ்சவர்ணம் லேசாகச் சிரித்து, தலையைக் குனிந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.